துரை பாஸாகிவிட்டான்

என் பிள்ளை ஃபெயிலாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டவள் நான். பெற்ற வயிறு இப்படியா வேண்டிக்கொள்ளும் என்று கேட்கிறவர்கள், என் வீட்டுக்காரரோடு ஒரு மாதம் குடித்தனம் நடத்திவிட்டு வந்து கேட்கட்டும்.

அவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். லைசென்ஸ் டெஸ்ட் நடக்கும் மைதானம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். எந்தக் கம்பம் கண்ணாடியில் தெரியும்போது ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டும், எந்த இடத்தில் இன்ஸ்பெக்டர் பேனாவை எடுப்பார், எல்லாம் தெரியும். அவரிடம் படித்தவர்கள் யாரும் ஃபெயிலானது கிடையாது. பாஸான கையோடு கடைத்தெருவில் போய்ச் சுவரில் இடித்தவர்கள் உண்டு. அது அவர் கணக்கில் வராது. "ரோட்டுல ஓட்டறது அவனவன் பாடு. டெஸ்ட்டுல பாஸ் பண்ண வைக்கறதுதான் என் வேல" என்பார்.

எங்கள் மகனுக்கு இரண்டரை வயது. துரை என்பது அவர் வைத்த பெயர். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டான். "துரை பெரிய எடம், நம்மளயெல்லாம் மதிப்பாரா?" என்று சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. அம்மா என்ற ஒரு சொல்கூட அவன் வாயிலிருந்து வரவில்லை. வேண்டியதை விரல் நீட்டிக் காட்டவும் தெரியாது. தண்ணீர் வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், என் கையைக் குழாயின் மேல் வைப்பான். முகத்தைப் பார்க்கமாட்டான். நான் அவனுக்கு ஒரு கை, அவ்வளவுதான்.

அழுது சண்டை போட்டுத்தான் மூவருமாகக் குழந்தை வளர்ச்சி மையத்துக்குப் போனோம். மருத்துவமனையின் பின்கட்டில் ஒரு அறை. தரையில் ரப்பர் விரிப்பு, முழங்கால் உயர மேசை. அங்கே பரிசோதனை செய்யும் மேடம் சிவப்பு மரக்கட்டைகளைக் கொடுத்து அடுக்கச் சொன்னார். பொம்மைக்கு ஊட்டச் சொன்னார். படப் புத்தகத்தில் நாய் எங்கே, செருப்பு எங்கே, பந்து எங்கே என்று கேட்டார். துரை ஒரு கட்டையை எடுத்து நக்கிப் பார்த்துவிட்டு மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

"இன்னைக்கு மேலோட்டமாத்தான் பாத்தேன். அடுத்த மாசம் முழுசா பாத்து மார்க் போடணும்" என்றார் மேடம். "மார்க் ரொம்பக் குறைஞ்சா இங்கயே பயிற்சி வகுப்புல எடம் கெடைக்கும். ஆனா மூணு வயசுக்குள்ள சேரணும்மா. இந்த வயசுல மூளை வளர்ற வேகம் அப்பறம் வராது. பசுமரத்தாணின்னு சொல்றோமே, அதான்."

நான் அந்த வகுப்பைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். இவர் கட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் சொன்னார்: "இவ்ளோதானா? எல்லாம் செட் ஐட்டம். நான் பாத்துக்கறேன்."

"ஏங்க, இது உங்க மைதானம் இல்லங்க. இதுல மார்க் கொறைஞ்சாத்தான் அவனுக்கு வகுப்பு."

"ஒலகத்துல எவளாவது தன் புள்ள ஃபெயிலாகணும்னு சொல்லுவாளா? அவங்களே பசுமரத்தாணின்னாங்கல்ல? அடிச்சு எறக்கிடறேன்."

அதே சிவப்பில் கட்டைகள் வந்தன. பொம்மை, கரண்டி, படப் புத்தகம், ஒன்று பாக்கியில்லை. மருந்துக்கடையில் வேலை முடிந்து நான் வீடு திரும்பும்போது, முன்னறைப் பாயில் வகுப்பு நடந்துகொண்டிருக்கும். முதலில் கட்டை, அடுத்து பொம்மை, கடைசியில் புத்தகம். கோபுரம் நின்றால் கைதட்டுவார், தூக்கிச் சுற்றுவார். விழுந்தால் "ரிவர்ஸ், ரிவர்ஸ்" என்று கத்திக்கொண்டே மறுபடி அடுக்குவார். அதுவரை பிள்ளையோடு தரையில் உட்காராத மனிதர். நாள் போகப்போக, அவருடைய பைக் சத்தம் கேட்டாலே துரை பாயில் போய் உட்கார ஆரம்பித்தான். கடைசிக் கட்டையை வைத்துவிட்டு, கைதட்டலுக்காக அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். என் வயிறு எரிந்தது உண்மை. அதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்ததும் உண்மை.

பரிசோதனை அன்று மேடம் முதலில் பொம்மையைக் கொடுத்தார். துரை அதைத் தள்ளிவிட்டு, பெட்டிக்குள் கைவிட்டுக் கட்டைகளை எடுத்தான். மளமளவென்று கோபுரம் ஏறியது. உடனே பொம்மையை இழுத்து வாயில் கரண்டியைக் குத்தினான். புத்தகத்தைத் திறந்ததும், மேடம் வாயைத் திறக்குமுன்பே நாயின் மேல் உள்ளங்கையால் ஒரு அடி, செருப்பின் மேல் ஒரு அடி, பந்தின் மேல் ஒரு அடி. என் பக்கத்தில் இவர் மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"மேடம், நீங்க கேக்கவே இல்ல, அதுக்குள்ள அடிக்கிறான்" என்றேன். "எல்லாம் வீட்ல சொல்லிக் கொடுத்து வச்சது."

"கத்துக்கிட்டானே, அதுவும் நல்லதுதானம்மா. நான் கண்ணால பாத்ததத்தான் எழுத முடியும்." கதவுக்கு வெளியே வேறொரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. மேடம் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏதாவது வேணும்னா ஒத்த விரல நீட்டிக் காட்டிட்டு, உங்க மூஞ்சியப் பாப்பானா?"

"மாட்டான்" என்றேன்.

"அதெல்லாம் காட்டுவான் மேடம்" என்றார் இவர். "எதயெதயோ காட்டுவான்."

மேடம் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, 'சில நேரம்' என்ற கட்டத்தில் குறி போட்டார். என் உண்மையும் இவர் பொய்யும் ஆளுக்குப் பாதி.

மார்க், எல்லைக்குச் சற்று மேலே நின்றது. வகுப்பில் இடம் இல்லை. ஒரு வருடம் கழித்து மறுபடி வந்து காட்டச் சொன்னார்கள். அப்போது அவனுக்கு மூன்றரை ஆகியிருக்கும், அந்த வகுப்பில் சேர்க்கமாட்டார்கள். இது அங்கே இருந்த மூன்று பெரியவர்களுக்கும் தெரியும். எழுந்து நின்று கத்தியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது நான் குனிந்து துரைக்குச் செருப்பு மாட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் இவர் தன் அக்காவுக்கு போன் போட்டார். "துரை பாஸாயிட்டான்க்கா! இவதான் புள்ளைக்கு மூளை வளரல, மூளை வளரலன்னு மூக்கால அழுதுட்டு இருந்தா." பேசி முடித்ததும் கட்டைகளையும் பொம்மையையும் புத்தகத்தையும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு பீரோ மேல் ஏற்றினார்.

"அவன் வெளையாடட்டும், விடுங்க" என்றேன்.

"டெஸ்ட்தான் முடிஞ்சிடுச்சே."

மறுநாள் சாயங்காலம் பைக் சத்தம் கேட்டதும் துரை பாயில் போய் உட்கார்ந்தான். இவர் அவனைத் தாண்டிப் போய் நாற்காலியில் சாய்ந்து செல்போனை எடுத்துக்கொண்டார். அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான்.

அந்த வாரக் கடைசியில் ஒரு நாள், துரை பாயிலிருந்து எழுந்து பீரோவுக்கு எதிரே போய் நின்றான். அண்ணாந்து பார்த்தான். அவன் வலது கை உயர்ந்தது. நான்கு விரல் மடங்கி, ஒரு விரல் மட்டும் நீண்டு அந்தப் பெட்டியைக் காட்டியது. காட்டியபடியே கழுத்தைத் திருப்பி, அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

"ஏங்க, இங்க பாருங்க. காட்டறான். உங்களப் பாத்துக்கிட்டே காட்டறான்."

"அதான் பாஸாயிட்டானே, இன்னும் என்ன?" என்றார், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த விரல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு கை இறங்கியது. துரை என்னிடம் வந்து, பழையபடி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். பீரோவிடம் போகப்போகிறான் என்று நினைத்தேன். என் கையைக் கொண்டுபோய் அவன் அப்பாவின் முழங்காலின் மேல் வைத்தான்.