பதினேழாம் பக்கம்

அண்ணி டைரியை ஒவ்வொரு பக்கமாகப் படித்து, சிரித்து, அடியில் கையெழுத்தைக் கிறுக்கிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஊசியக்கா திரும்பும் பக்கங்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஒன்பது நாலு, சாக்பீஸ் உடைந்தது. ஒன்பது ஆறு, ஆசிரியர் வேறு சாக்பீஸ் எடுத்தார்," என்று அண்ணி உரக்கப் படித்தாள். "அடிப்பாவி, நடுவுல ரெண்டு நிமிஷம் நான் என்ன பண்ணேன்னு எழுதலியே?"

"உடைஞ்ச துண்டைத் தேடினீங்க அண்ணி."

"அதையும் பார்த்தியா! உன்கிட்ட ஒரு தும்மல் கூட தப்பிக்காது போலிருக்கே."

தும்மல் பதினோராம் பக்கத்தில் இருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை.

ஊசியக்கா என்பது ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வைத்த பெயர். வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. பன்னிரண்டு வருஷமாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அவள் தலையைக் கண்டதும் குழந்தைகள் அழுது ஊரைக் கூட்டும். பூனை கதை, ரயில் கதை என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி, குழந்தை வாயைப் பிளந்து கேட்கும் நேரம் பார்த்துக் காரியத்தை முடித்துவிடுவாள். போகப் போக அவளுக்கு ஒன்று புரிந்தது. தனக்குக் கதைதான் பிடித்திருக்கிறது, ஊசி பிடிக்கவில்லை. இந்த ஞானம் இருபது வயதில் வந்து தொலைத்திருக்கலாம். முப்பத்து நாலில் வந்தது. பல்கலைக்கழகத்து ஆசிரியர் பயிற்சிப் படிப்புக்கு வயது வரம்பு முப்பத்தைந்து. இந்த வருஷத்தை விட்டால் ஆயுசுக்கும் ஊசிதான்.

எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். அடுத்தது நேர்முகம். அதற்குள் நுழைய இந்த டைரி வேண்டும். ஏதாவது ஒரு பள்ளியில் கடைசி பெஞ்சில் நாற்பது மணி நேரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து, வகுப்பில் நடப்பதைப் பார்த்து எழுத வேண்டும். பக்கங்களுக்கு எண் போட்டு முத்திரை குத்தியே தருவார்கள். ஒன்று கிழிந்தாலும் டைரி செல்லாது. ஒவ்வொரு பக்கத்திலும் வகுப்பாசிரியர் கையெழுத்து இருக்க வேண்டும். நாளைப் பகல் பன்னிரண்டு மணிக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

நாலு பள்ளிகள் கையை விரித்துவிட்டன. அண்ணிதான் தன் தலைமையாசிரியையிடம் ஒற்றைக்காலில் நின்று, தன் மூன்றாம் வகுப்பிலேயே இடம் வாங்கிக் கொடுத்தாள். நாத்தனாரைக் கூட்டிவந்து, தான் வேலை செய்வதைக் குறிப்பெடுக்க விடுவதற்கு எத்தனை பெரிய மனசு வேண்டும் என்பது நாத்தனார் இருப்பவர்களுக்குத் தெரியும்.

அந்த மனசுக்கு ஊசியக்கா செய்த கைம்மாறுதான் இப்போது நெருங்கிக்கொண்டிருந்தது. பரிசோதனைக் கூடத்தில் பழகிய கை அவளுடையது. கண்ணால் கண்டதைக் கண்ட நிமிஷத்தில் பேனாவால் எழுத வேண்டும். அழிக்கக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டுப் பக்கத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். கோட்டுக்கு அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். ஒருவர் ரத்தத்தை இன்னொருவர் பேரில் எழுதிவிடாமல் பன்னிரண்டு வருஷம் அவளைக் காப்பாற்றிய பழக்கம் அது. அந்தப் பழக்கத்தோடுதான் அண்ணியின் வகுப்பிலும் எழுதித் தள்ளியிருந்தாள்.

அண்ணி பதினேழாம் பக்கத்தைத் திருப்பினாள். அடுத்த அறையில் அண்ணன், டி.வி.யில் செய்தி வாசிப்பவருக்கு எதிர்ப்பேச்சு பேசிக்கொண்டிருந்தான். இந்த முறை அண்ணி உரக்கப் படிக்கவில்லை.

பக்கத்தில் இருந்தது இதுதான். 10.12, வீட்டுப்பாடம் செய்யாத சிறுமி கடைசி பெஞ்சருகே நிறுத்தப்பட்டாள். 10.20, சிறுமி கழிப்பறை போக அனுமதி கேட்டாள், மறுக்கப்பட்டது. 10.31, மீண்டும் கேட்டாள், 'முடிச்சிட்டுப் போ' என்றார் ஆசிரியர். 10.42, சிறுமி நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டாள். மாணவர்கள் சிரித்தார்கள். 10.44, தரை சுத்தம் செய்யப்பட்டது.

ரிப்பன் என்று வகுப்பில் எல்லாரும் கூப்பிடும் குழந்தை அவள். இரண்டு ரிப்பனில் ஒன்று எப்போதும் அவிழ்ந்தே தொங்கும். செவ்வாய்க்கிழமை நடந்தது இது. புதனும் வியாழனும் அவள் பள்ளிக்கு வரவில்லை.

"இதையும் எழுதிட்டியா," என்றாள் அண்ணி. கேள்வியாகக் கேட்கவில்லை.

"நடந்ததை எழுதணும்னு..."

"நாப்பத்தெட்டு பிள்ளைங்க. காலையிலேர்ந்து ஆறு பேர் கேட்டாங்க, ஆறு பேரும் மைதானத்துல விளையாடிட்டுத் திரும்பி வந்தாங்க. இவளும் அப்படித்தான்னு நினைச்சேன். அது எங்கே எழுதியிருக்கு?"

"அது பதினாறாம் பக்கத்துல இருக்கு அண்ணி. ஆறு பேரும் நேரத்தோட இருக்காங்க."

அண்ணி முந்தைய பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். இருந்தது. அது அவள் கோபத்தைக் குறைக்கவில்லை. ஏமாற்றிவிட்டதாகக் கத்துவதற்குக்கூட இந்தப் பெண் இடம் வைக்கவில்லையே!

"இது ஹெட்மிஸ்ட்ரஸ் காதுக்கும் போகும். அப்புறம் அங்கே நேர்முகத்துல நாலு பேர் படிப்பாங்க. பதினெட்டு வருஷமா நான் சொல்லிக்கொடுத்தது யாருக்கும் தெரியாது, இந்த அரை மணி நேரம் எல்லாருக்கும் தெரியும். கோடு போட்டு அடிச்சிடேன்."

"அடிச்சாலும் அடியில தெரியும் அண்ணி."

"தெரியாத மாதிரி அடி!"

ஊசியக்கா அந்த வரிகளைப் பார்த்தாள். அடித்துவிடலாம்தான். கறுப்பாக நாலு கிறுக்கல், ஒரு கையெழுத்து, காரியம் முடிந்தது. கை பேனாவரைக்கும் போகவும் போனது. போன கை அங்கேயே நின்றது.

அண்ணி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு டைரியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்தினாள். நோட்டுத் திருத்துகிறவர்களின் விரல் அது, விட்டுப்போன இடத்தில் தானாக நிற்கும்.

"தரையைத் துடைச்சது யாரு?"

"நான்தான்."

"பியூனைக் கூப்பிடறதுக்குள்ள நீயே துணியோட ஓடி வந்தே. நாற்பது மணி நேரத்துல நீ பெஞ்சை விட்டு எழுந்தது அந்த ஒரு தடவைதான்."

"பழக்கம் அண்ணி. லேப்ல ஏதாவது சிந்தினா உடனே..."

"சிந்தினா எழுந்திருப்பே. சிந்தறதுக்கு முன்னாடி ஏன் எழுந்திருக்கல?"

"பேசக் கூடாதுன்னு விதி போட்டிருக்கு," என்றாள் ஊசியக்கா. சொன்ன வாய்க்கே அது கசந்தது.

"நான் போர்டுகிட்ட நின்னு பார்த்தேன்," என்றாள் அண்ணி. குரல் இறங்கியிருந்தது. "நான் மாட்டேன்னதும் அவ உன் பக்கம் திரும்பினா. அப்புறம் இன்னொரு தரம் திரும்பினா. உன் முழங்கைக்குப் பக்கத்துலதான் நின்னா. சாக்பீஸ் உடைஞ்சது இருக்கு. அது ஏன் இல்ல?"

அடுத்த அறையில் அண்ணன் டி.வி.யை அணைத்துவிட்டான் போலிருக்கிறது, சத்தமே இல்லை.

ஊசியக்காவுக்கு அழுகை வந்தது. அது அண்ணி மேல் கோபத்தில் வந்த அழுகை இல்லை. அவள் மறக்கவில்லை, கவனிக்காமலும் இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த நாற்பது மணி நேரத்தில் அந்த இரண்டு பார்வைகளைத்தான் மிகத் தெளிவாகப் பார்த்திருந்தாள். ஆஸ்பத்திரியில் ஊசியைக் கண்ட குழந்தை பக்கத்தில் நிற்கும் அம்மாவைப் பார்க்குமே, அதே பார்வை. அந்தப் பார்வைக்காகத்தானே ஊசியை விட்டுவிட்டு இந்தப் படிப்புக்கு வரத் துடித்தாள்! அது தன் பக்கம் திரும்பிய நேரத்தில், டைரி செல்லாமல் போய்விடுமோ என்ற ஒரே பயம்தான் அவளுக்குள் இருந்தது.

அவள் டைரியை வாங்கினாள். பத்து முப்பத்தொன்றுக்கும் பத்து நாற்பத்திரண்டுக்கும் நடுவில் ஒரு அம்புக்குறி போட்டு, ஓரத்தில் எழுதினாள்: '10.32, 10.38. சிறுமி என்னைப் பார்த்தாள். நான் மணியைப் பார்த்தேன்.' விட்டுப்போனதைச் சேர்த்தால் வைக்க வேண்டிய கையெழுத்தையும் தேதியையும் வைத்து, டைரியைத் திருப்பி நீட்டினாள்.

அண்ணி படித்தாள். இரண்டாவது முறையும் படித்தாள்.

"இதைப் படிச்சா உனக்கு சீட் தருவாங்களா?"

"தெரியல அண்ணி."

"எனக்கு என்ன ஆகும்?"

"தெரியல."

அண்ணி கையெழுத்துப் போட்டாள். மற்றப் பக்கங்களில் கிறுக்கியதுபோல் இல்லை. எழுத்து எழுத்தாகத் தன் முழுப் பெயரையும் எழுதினாள். மீதிப் பக்கங்களைப் படிக்காமலே முடித்து, பேனாவை மூடி வைத்தாள்.

"நாளைக்குக் காலைல லீவு சொல்லிட்டு அவ வீட்டுக்குப் போகப் போறேன். அட்ரஸ் ரிஜிஸ்டர்ல பார்த்து வச்சிருக்கேன். மார்க்கெட்டைத் தாண்டிப் போகணும், ரெண்டு பஸ் மாறணும். என்ன பேசறதுன்னு எனக்கும் தெரியல. போய் நின்னாப் போதும்." கொஞ்சம் நிறுத்தினாள். "நீயும் வரியா?"

பன்னிரண்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டிய பல்கலைக்கழகம் ஊரின் இன்னொரு கோடியில் இருந்தது. ஊசியக்காவின் கண் தன்னையறியாமல் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது.

திரும்பியபோது அண்ணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரேன் அண்ணி," என்றாள். அந்தப் பதில் தாமதமாக வந்தது இருவருக்கும் தெரிந்திருந்தது.