இன்ஜினுக்கு ஒரு மச்சினன்

ஐஸ் ஃபேக்டரி மெக்கானிக்குக்கு ஒரே ஓர் ஆசைதான்: மனைவியின் தம்பி வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். வேலை கிடைக்காமல் அவன் எங்கே போவான் என்று மனைவி ஒரே போடாகப் போட்டுவிட்டாள். அவனுக்கோ வயிறு வளர்ப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாது. அதில் மட்டும் குறை வைக்கவில்லை.

முதலாளியிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று ஒருநாள் அவனையும் இழுத்துப் போனார். முதலாளி காலி இடமே இல்லை என்று கையை விரித்தார். வந்ததற்கு இன்ஜின் விஷயத்தையாவது பேசுவோம் என்று மெக்கானிக் ஆரம்பித்தார். டீசல் இன்ஜினுக்குத் தீப்பொறி தேவையில்லை, பிஸ்டன் நசுக்குகிற நசுக்கில் காற்றே கொதிக்கும், அதில் இன்ஜெக்டர் டீசலைப் பீய்ச்சினால் பற்றிக்கொள்ளும், அந்த வேகம் பிஸ்டனைத் தள்ளிக் கிராங்கைச் சுழற்றும். ஆனால் பிஸ்டன் ரிங் தேய்ந்ததால் கீழே இருக்கிற ஆயில் மேலே ஏறுகிறது என்று தொண்டை வற்றச் சொன்னார். முதலாளி கொட்டாவி விட்டார். மூலையில் மச்சினன் குறட்டையே விட்டான்.

அப்போதுதான் இன்ஜினுக்குப் பேய் பிடித்தது. மெக்கானிக் ஓடிப்போய் டீசலை அடைத்தார்; நிற்கவில்லை. தன் ஆயிலையே குடித்துக்கொண்டு தலைதெறிக்க ஓடியது. காற்றை அடைத்தால்தான் நிற்கும் என்று அலறினார். கழுவுவதற்காக ஃபில்டரைக் கழற்றியிருந்ததால் காற்றுக்குழாய் வாயைத் திறந்தபடி கிடந்தது. அடைக்கப் பலகையில்லை. முதலாளி கதவுக்குப் பின்னால் ஒளிந்தார். தூக்கம் கெட்ட எரிச்சலில் எழுந்து வந்த மச்சினன், சட்டையைத் தூக்கி வயிற்றைக் குழாயில் வைத்து அழுத்தினான். இன்ஜின் இரண்டு விக்கல் விக்கி அடங்கியது.

மகிழ்ந்துபோன முதலாளி அங்கேயே வேலை போட்டுக் கொடுத்தார். இன்ஜின் ரூமிலேயே சாப்பாடு, அங்கேயே படுக்கை. தினமும் இன்ஜினை நிறுத்துவது அவன் வயிறுதான். வீட்டில் மெக்கானிக் காலை நீட்டிப் படுத்தார். புது ரிங் வந்தபோது, யாருக்கும் சொல்லாமல் டூல்ஸ் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்தார். இன்ஜினை நோயோடு விட்டுப் பழக்கமில்லாத மனிதருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் வீட்டில் கிடைத்த நிம்மதியான தூக்கம் வென்றது.

ஒருநாள் மச்சினன் அவரை ஓரமாகக் கூப்பிட்டான்.

"அத்தான், இந்த இன்ஜின் எப்படி மூச்சு இழுக்கும்னு என் வயித்துக்குத் தெரியும். இப்போ இழுக்கவே தெம்பில்ல. பெட்டிக்கு அடியில ரிங்கைப் பார்த்துட்டேன். மாத்திடுங்க."

"மாத்தினா உன் வேலை போயிடும்டா."

"அதுக்காக அதைச் சாகடிக்கணுமா?"

மெக்கானிக்குக்குக் காது சுட்டது. அன்றே இருவரும் இன்ஜினைப் பிரித்துப் புது ரிங்கைப் போட்டார்கள். எல்லாம் பூட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு மெக்கானிக் டீசலை அடைத்ததும் இன்ஜின் சமர்த்தாக நின்றது. பழக்கத்தில் சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்ற மச்சினன், அதை மெல்ல இறக்கிவிட்டு இன்ஜினைத் தடவிக் கொடுத்தான். மெக்கானிக்குக்கு அழுகை முட்டியது. வெளியே போய் வண்டியை எடுத்தார்.

"ஏறுடா," என்றார், "வீட்டுக்குப் போலாம்."