வடிகால் கரையில் ஒரு பந்தாட்டம்

எங்கள் சதுப்பைத் தரிசு என்று காகிதத்தில் எழுதியவன் ஒரு நாள்கூட அதில் கால் நனைத்ததில்லை. நனைத்திருந்தால் விலாங்கு வழுக்கி விழுந்திருப்பான், இல்லை வாத்து கொத்தியிருக்கும். அப்புறம் தரிசு என்று எழுதக் கை வந்திருக்காது.

மூர்லோட்டில் நாற்பத்திரண்டு வீடு. குளிர்காலத்தில் ஆறு கரை தாண்டி வரும், சதுப்பு முழுக்கத் தண்ணீர் நிற்கும், பக்கத்து வீட்டுக்குப் போகவே பொய்க்கால் கட்ட வேண்டும். கோடையில் தண்ணீர் இறங்கினால் இடுப்புயரப் புல். மாட்டுக்கு மேய்ச்சல், கூரைக்குக் கோரை, அடுப்புக்கு வெட்டிக் காயவைத்த கரிமண், சட்டிக்கு விலாங்கு. சொந்தமாக ஒரு முழம் நிலம் இல்லாதவனும் எங்கள் ஊரில் பட்டினியால் செத்ததில்லை. இதற்குப் பெயர்தான் தரிசாம்.

யார் எத்தனை மாடு விடலாம், எந்த நாளில் கோரை அறுக்கலாம் என்பதை ஊரே முடிவு செய்யும். வருஷா வருஷம் புரட்டாசியில் வரும் மிக்கேல் திருநாளன்று தேவாலய வாசலில் கூடி, கை தூக்கி, ஒருவனைச் சதுப்பு மணியமாக வைப்போம். பதினோரு வருஷமாக அது நான்தான். நான் நல்லவன் என்பதால் இல்லை. என் வாய்க்குப் பயந்து எவனும் அடுத்தவன் பங்குப் புல்லில் மாட்டை விடமாட்டான் என்பதால்.

இதற்கு நடுவில் ராஜாவுக்குப் பணம் தேவைப்பட்டது. பாராளுமன்றத்தைக் கூட்டினால் கேள்வி கேட்பார்கள் என்று கூட்டாமலே விட்டுவிட்டார். லண்டன் கம்பெனிக்காரர்களைக் கூப்பிட்டு, சதுப்பை வற்றவையுங்கள், ஆளுக்குப் பாதி என்றார். அவர்கள் சதுப்புக்குக் குறுக்கே ஆற்றை நோக்கி வடிகால் வெட்ட ஆரம்பித்தார்கள். பாராளுமன்றம் கூடியிருந்தாலும் எங்களை எவனும் கேட்டிருக்கப் போவதில்லை. அங்கே உட்கார்ந்திருப்பவனும் நிலக்காரன்தான்.

சித்திரை வெயில் மாதிரி ஒரு நாள். எங்கள் நாட்டில் அது அபூர்வம். அன்று கம்பெனி மேலாள் பெல் வந்தான். மெல்லிய செருப்பு, கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாக வெள்ளைத் துணி. தேவாலய வாசலில் நின்று காகிதத்தை வாசித்தான்.

"ஆனியில வர்ற யோவான் திருநாளுக்குள்ள வடிகால் ஆத்தோட சேந்துடும். அப்புறம் வடிகாலுக்கு வடக்கே உள்ளதெல்லாம் கம்பெனி நிலம். அங்க வர்ற மாடு, வாத்து எல்லாத்தையும் பட்டியில அடைச்சிருவோம்."

அவிஸ் முன்னால் வந்தாள். புருஷன் செத்து ஆறு வருஷம், மூன்று பெண்பிள்ளைகள், நாற்பது வாத்து. அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை.

"துரை, என் வாத்துக்கு வாசிக்கத் தெரியாதே. எது வடக்குன்னு நீங்களே வந்து ஒரு தடவ சொல்லிக் குடுத்துட்டுப் போங்க."

ஊரே சிரித்தது. பெல் சிரிக்கவில்லை. "உங்களுக்குத்தான் தெக்குப் பக்கம் இருக்கேம்மா."

"தெக்குல கோடையிலயும் கழுத்தளவு தண்ணி. தவளை வளக்கவா?"

வடிகால் ஆற்றைத் தொட இன்னும் ஐந்நூறு கெஜம்தான் பாக்கி. தொட்டுவிட்டால் தண்ணீர் ஓடிவிடும், புல் காய்ந்துவிடும், வேலி வந்துவிடும். வேலி வந்த நிலம் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

முதலில் நியாயமாகத்தான் போனோம். நானும் அவிஸும் நீதிபதி துரை வீட்டுக்கு நடந்தோம். கொல்லை வாசலில் இரண்டு மணி நேரம் நிற்க வைத்தார்கள். கம்பெனியில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு என்று சமையல்காரன் சொன்னான். அதை முன்பே தெரிந்திருந்தால் என் செருப்பாவது தேயாமல் இருந்திருக்கும்.

"நீ யாரு?" என்றார்.

"ஜார்விஸ். மூர்லோட் சதுப்பு மணியம்."

"அப்படி ஒரு பதவி எந்தச் சட்டத்துல இருக்கு?"

"எந்தச் சட்டத்தையும் எங்களக் கேட்டு எழுதலீங்களே துரை."

முகம் சிவந்துவிட்டது. "கேட்டுக்கோ கிழவா. கையில கருவியோட கூட்டமாக் கெளம்பினா அதுக்குப் பேரு கலகம். கலகத்துக்குக் கயிறு. ஊருக்குப் போய்ச் சொல்லு."

திரும்பி வரும் வழியில் ஆற்றங்கரையில் படகுக்காக நிற்கும்போது அவிஸ் கேட்டாள்.

"கருவி இல்லாமக் கூடினா?"

"கருவி இல்லாம எதுக்குக் கூடறது? கூடி அழவா?"

"பந்தாட. பந்தாட்டத்துக்கு எந்த ராஜா கயிறு போட்டாரு? மண்வெட்டிதான் அங்கயே கெடக்கே. எல்லாம் கம்பெனி மண்வெட்டி."

நான் அவளை நின்று பார்த்தேன். பதினோரு வருஷம் என்னை மணியமாக வைத்த ஊருக்கு மூளை இல்லை என்று தோன்றியது.

ஆனால் இத்தனை வாரமாக வெட்டிய பள்ளத்தை மூட எங்கள் ஊர் ஆள் மட்டும் போதாது. பந்தாட்டம் என்றாலே எதிரி வேண்டும். எங்களுக்கு எதிரி ஹட்னி. சதுப்பின் அந்தக் கரையில் இருக்கிற ஊர். தவக்கால நோன்புக்கு முந்தின செவ்வாயன்று வருஷா வருஷம் அவர்களோடு ஆடுவோம். பன்றி மூத்திரப்பையை ஊதித் தோலில் தைத்த பந்து, ஊருக்கு நூறு பேர், விதி என்று ஒன்றும் கிடையாது. மறுநாள் யாருக்கு எந்த எலும்பு போனது என்று எண்ணுவோம். ஹட்னிக்காரன் வீட்டில் பெண் எடுக்கமாட்டோம், அவன் படகில் ஏறமாட்டோம்.

ஹட்னி மணியம் டோபிட். அவன் மூக்கு இடது பக்கம் வளைந்திருக்கும். இருபது வருஷத்துக்கு முன்னால் வளைத்தது நான்.

"வா மூக்கொடைச்சான். பேச வந்தியா, மிச்சத்தையும் ஒடைக்க வந்தியா?" என்றான்.

"மிச்சம் நல்லாவா இருக்கு, ஒடைக்க?"

பார்லிக் கள் ஊற்றினான். எனக்குக் குறைவாக, தனக்கு நிறைய. விஷயத்தைச் சொன்னேன். நெடுநேரம் தாடியைச் சொறிந்தான்.

"உங்க சதுப்பு போனா எனக்கென்ன?"

"இந்த வருஷம் எங்களுது. அடுத்த வருஷம் பெல்லு ஒன் வாசல்ல நின்னு வாசிப்பான். அப்ப ஆட்டத்துக்கு ஆள் கேட்டு எங்கிட்டதான் வருவே. நான் இவ்வளவுகூட ஊத்தமாட்டேன்."

டோபிட் என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினான். "எந்தப் பக்கம் ஒதைக்கறது?"

"ரெண்டு ஊரும் வடிகால் பக்கம்."

"ரெண்டு ஊரும் ஒரே பக்கமா? அது என்னய்யா ஆட்டம்? எங்காளுகளுக்கு இத எப்பிடிச் சொல்லிப் புரியவைப்பேன்?"

"கெலிக்கறதும் இல்ல, தோக்கறதும் இல்லன்னு சொல்லு."

"அதச் சொன்னா ஒருத்தனும் கேக்கமாட்டான்," என்றான் டோபிட். அவன் சொன்னது சரிதான் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை ஆடினோம். வெறுங்கை. கத்திகூட யார் இடுப்பிலும் இல்லை, நானே தடவிப் பார்த்தேன். பெண்கள் வாத்து ஓட்டுகிற சாக்கில் பின்னால் வந்தார்கள். பந்து மேலே போனது, இருநூறு பேர் சேற்றில் பாய்ந்தோம், அரை மணி நேரத்தில் வடிகால் கரையில் நின்றோம். கூலிக்காரர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓரமாகப் போய் நின்றார்கள். வெளியூர்ப் பாவப்பட்ட ஜனங்கள். அவர்களுக்கும் வேடிக்கைதான். எல்லாம் சொன்னபடி நடந்தது.

அப்போது டோபிட்டின் மருமகன், வைன் என்கிற தடிப்பயல், பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பள்ளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் குதித்தான். குதித்து, பந்தைத் தலைக்கு மேல் தூக்கி, "கோலு! ஹட்னிக்குக் கோலு!" என்று கத்தினான்.

"எதுடா கோலு? இன்னிக்குக் கோலே கெடயாது," என்றான் எங்கள் ஊர்க் கொல்லன்.

"தோத்தவனுக்கு என்னிக்குமே கோலு கெடயாது!"

கொல்லன் பள்ளத்தைத் தாண்டினான். அவனுக்குப் பின்னால் முப்பது பேர் தாண்டினார்கள். வடிகாலாவது, கம்பெனியாவது, ராஜாவாவது. இரண்டு ஊரும் கட்டிப் புரண்டோம். இரண்டு ஊரும் என்றால் நானும்தான். மணியம் என்று நின்று விலக்கியிருக்க வேண்டியவன், டோபிட்டின் காதைக் கடித்துக்கொண்டு சேற்றில் கிடந்தேன். ஒரு பல் எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது.

அந்த நேரம் பார்த்துப் பெல் வந்தான். ஆறு குதிரைக்காரர்கள், கூட ஊர்க்காவலன். எவனோ போய்ச் சொல்லியிருக்கிறான். எவன் என்று எனக்குத் தெரியும், இங்கே எழுதப் போவதில்லை. குதிரை மேலிருந்து பெல் கரையைப் பார்த்தான். மண்வெட்டிகள் போட்ட இடத்தில் கிடந்தன. ஒருவன் கையிலும் கருவி இல்லை. இருநூறு பேர் ஒருவர் முடியை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தோம்.

"இது கலகம்தானே?" என்று கேட்டான் ஊர்க்காவலனை.

ஊர்க்காவலன் இந்தப் பக்கத்து ஆள். சின்ன வயதில் ஆடியவன். "இல்ல துரை. இது நெசமாவே பந்தாட்டம்தான். நடிச்சா இப்படி ரத்தம் வருமா? அதோ பாருங்க, ஒரு கிழவன் இன்னொரு கிழவன் காதத் திங்கிறான்."

பெல்லுக்கு அருவருப்பாக இருந்திருக்க வேண்டும். எங்களைப் பற்றி அவன் நினைத்திருந்தது சரி என்று ஒரு திருப்தியும் முகத்தில் தெரிந்தது. குதிரையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். ஊர்க்காவலனும் போனான், திரும்பித் திரும்பி ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே.

எங்களை நிறுத்தியது அவிஸ். ஒரு வாளி வடிகால் தண்ணீரை எங்கள் இருவர் மேலும் கொட்டினாள்.

"த்தூ! ரெண்டு மணியமாம்! எங்க பொழப்ப மூடப் போற பள்ளம் பக்கத்துல கெடக்கு, நீங்க காதக் கடிங்க. நல்லாக் கடிங்க. அடுத்த வருஷம் கடிக்க வேற ஒண்ணும் இருக்காது."

மண்வெட்டியை எடுத்துக் கரையிலிருந்து மண்ணைத் தள்ள ஆரம்பித்தாள். அவள் மூத்த பெண் இன்னொன்றை எடுத்தாள். ஒருவர் பின் ஒருவராக ஆண்களும் எழுந்தோம். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. கூலிக்காரர்களில் இரண்டு பேர் கைவண்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்திவிட்டு ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி நகர்ந்தார்கள். வெட்டிப் போட எட்டு வாரம் ஆன மண்ணைப் பொழுது சாய்வதற்குள் உள்ளே தள்ளினோம். கடைசியில் இருநூறு பேரும் மேலே ஏறி மிதித்தோம். மண்வெட்டிகளைக் கழுவி, அடுக்கி வைத்துவிட்டு வந்தோம். கம்பெனிச் சொத்து அல்லவா.

மூன்றாம் நாள் என்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

"பந்தாட்டத்துல வடிகால் எப்படி மூடுச்சு?" என்றார் நீதிபதி துரை.

"இருநூறு பேர் உருண்டா கரை நிக்குமா துரை? சதுப்பு மண்ணு. தண்டத்துக்கு வெட்டியிருக்காங்க."

சபையில் சிரிப்பு. அவர் மேசையைத் தட்டினார். ஆனால் அன்று அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு உறுத்தியது. மெதுவாகப் பேசினார்.

"ஜார்விஸ், ஒனக்கு அறுவத்து மூணு வயசு. சிறையில தண்ணி ஊறும், தெரியுமில்ல. ஒண்ணே ஒண்ணு சொல்லு, வீட்டுக்குப் போ. சதுப்பு மணியம்னு ஒரு பதவி கெடயாது, ஊர்க் கூட்டத்துக்குச் சதுப்பு மேல ஒரு உரிமையும் கெடயாது. இவ்வளவுதான். எழுத்தர் எழுதிக்குவார்."

அவர் எதைக் கேட்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. பள்ளத்தை மறுபடி வெட்டிக்கொள்ளலாம், அதற்குக் கூலி ஆள் இருக்கிறது. நான் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் அப்புறம் உரிமை என்று பேச எங்களுக்கு வாயே இருக்காது.

"என்ன மணியமா வச்சது நாப்பத்திரண்டு வீடு. எறக்கணும்னா அவங்க எறக்கட்டும். உங்கள வச்சது யாரு துரை?"

"ராஜா."

"அவர?"

எழுத்தர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "கடவுள்" என்றார், சின்னப்பிள்ளைக்குச் சொல்வது மாதிரி.

"அப்ப நான் கடவுள்கிட்டயே பேசிக்கிறேன். நடுவுல நீங்க ரெண்டு பேரும் எதுக்கு?"

கிறிஸ்துமஸ் வரை சிறை என்றார்கள்.

சுவரில் தண்ணீர் ஊறத்தான் செய்தது. சதுப்புக்காரனுக்கு அது ஒன்றும் புதிதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவிஸ் பன்னிரண்டு மைல் நடந்து விலாங்கு அடை கொண்டுவருவாள். ஆடியில் சொன்னாள், மறுபடி வெட்டிவிட்டார்களாம். ஆவணியில் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"மூடியாச்சு."

"நம்மாளுகளா?"

"ஹட்னிக்காரனுக. நமக்குச் சொல்லவே இல்ல. தனியா வந்து, தனியா ஆடி, மூடிட்டுப் போயிட்டானுக. டோபிட்டுதான் முன்னால நின்னானாம்."

"எங்க வடிகால மூட அவன் யாரு?" என்று கத்தினேன். காவல்காரன் எட்டிப் பார்த்தான். அன்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன்.

மிக்கேல் திருநாள் வந்தது. தேவாலய வாசலில் ஊர் கூடக் கூடாது என்று உத்தரவு. பாதிரியார் கதவைப் பூட்டிவிட்டார், பாவம், அவருக்கும் சோறு வேண்டும். மத்தியானம் தெருவில் பேச்சுச் சத்தம் கேட்டது. முக்காலியில் ஏறிக் கம்பி வழியாகப் பார்த்தேன். பன்னிரண்டு மைல் நடந்து வந்து மூர்லோட் முழுக்கக் கீழே நின்றது. சேறு காயாத கால்கள். வேடிக்கை பார்க்க ஹட்னியிலிருந்தும் பத்துப் பேர், நடுவில் கடிபட்ட காதோடு டோபிட்.

"யோவ், என்னய்யா கூட்டம்? கலகமா?" என்று காவல்காரன் ஓடிவந்தான்.

"கையில என்ன இருக்கு பாரு," என்றாள் அவிஸ். "வெறுங்கைதான். தூக்கிக் காட்டவா?"

தூக்கினார்கள். வீட்டுக்கு ஒரு கை. நான் எண்ணினேன். நாற்பத்தொன்று. தூக்காதவன் லூக்காஸ், போன வருஷம் அவன் மாட்டைப் பட்டியில் அடைத்தேன். அது அவன் உரிமை.

"இந்தக் கிழவனையா மறுபடியும்?" என்று டோபிட் கத்தினான். "வேற ஆளே இல்லயா ஒங்க ஊர்ல?"

மணியமாக வைத்தவுடன் அந்த வருஷத்து முதல் அறுவடை நாளைச் சொல்ல வேண்டும். அது முறை. எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வடக்குப் பக்கம் பெல்லின் ஆட்கள் வேலிக்கு முளை அடித்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். கீழே நின்றவர்களுக்கும் தெரியும்.

"செவ்வாக்கிழமை," என்றேன், தெருக்கோடி வரை கேட்கும்படி. "வடக்குப் பக்கத்துக் கோரை. முளை தடுக்கினா புடுங்கி அடுப்புக்கு வச்சுக்குங்க. நல்ல ஓக் மரம்."

செவ்வாய்க்கிழமை அறுத்தார்கள்.