நாலரை விரல்

கண்ணுகளா, இந்தக் கதையில் பேய் வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எப்போது வரும், எப்போது வரும் என்று காத்திருந்து, நடுவில் வருகிற மனிதர்களைக் கவனிக்காமல் விட்டுவிடுவீர்கள். ஒரு கை மட்டும் வரும். அதுவும் யாரையும் எதுவும் செய்யாது. குழந்தைகளைப் பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ஆனாலும் இந்த எழுபது வயது வரைக்கும் நான் பயந்த ஒரே பொருள் அந்தக் கைதான்.

நூலகத்து மாடியில் ஓர் அறை. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் சங்கம் அங்கே கூடும். குடும்ப வரலாறு தேடுகிறவர்களின் சங்கம். கொள்ளுத்தாத்தா எந்த வீட்டில் பிறந்தார், அவருடைய மூன்றாவது பெண் ஏன் யார் பேச்சிலும் வருவதில்லை என்று, இருக்கிறவர்களை விட்டுவிட்டு இல்லாதவர்களைத் தேடுகிற கூட்டம். "உயிரோட இருக்கிறவனுக்கு ஒரு போன் பண்ண நேரமில்ல, செத்தவங்களப் பாக்க மட்டும் மாசா மாசம் கெளம்பிடுவாங்க" என்று என் மகன் கேலி செய்வான். அவன் சொல்வதும் நியாயம்தான்.

அறையில் ஒரு நீள மேசை, இரண்டு இரும்பு பீரோக்கள். பிறப்பு இறப்புப் பதிவேடுகளின் நகல்கள், பழைய பள்ளிச் சேர்க்கைப் பதிவுகள், வாக்காளர் பட்டியல்கள், கல்லறைத் தோட்டத்துக் கற்களைப் படித்து நாங்களே எழுதிய நோட்டுகள் எல்லாம் அதற்குள். படங்களைச் சுவரில் பெரிதாகக் காட்ட ஒரு புரொஜக்டர். செயலாளர், ஓய்வுபெற்ற சர்வேயர். பூதக்கண்ணாடி இல்லாமல் சாப்பாட்டுத் தட்டைக்கூடப் பார்க்கமாட்டார். அதனால் அவர் பெயரே பூதக்கண்ணாடி. எதிரிலேயே அப்படித்தான் கூப்பிடுவோம்.

அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. குடும்ப வரைபடத்தில் ஒரு கட்டத்தில் ஒரு பெயர் ஏற வேண்டுமானால் இரண்டு ஆதாரம் வேண்டும். "எங்க வீட்ல அப்படித்தான் சொல்வாங்க" என்பது ஆதாரத்தில் சேராது. சொந்த அப்பாவே ஆனாலும் இரண்டு காகிதம் காட்டிவிட்டுத்தான் கட்டத்துக்குள் வரவேண்டும்.

வாசல் பக்கம் முக்காலியில் ஓர் அம்மா உட்கார்ந்திருப்பாள். சாவிக்காரம்மா. அறையைத் திறப்பது, நாற்காலி போடுவது, ஆறு மணிக்குப் பூட்டுவது அவள் வேலை. அறுபதைத் தாண்டியவள். பதினோரு வருடமாக எங்கள் பேச்சை முழுக்கக் கேட்டிருக்கிறாள், ஒரு கேள்வி கேட்டதில்லை. வேலைக்கு வந்த புதிதில் ஒரே ஒரு முறை, காலி வரைபடத் தாள் ஒன்றைக் கேட்டு வாங்கிப் போனாள். அடுத்த மாதம் மடித்தது மடித்தபடி திருப்பிக் கொடுத்தாள். "அம்மா கட்டத்துக்கே காகிதம் இல்ல சார். மேல ஏற வழியே இல்ல" என்றாள்.

ஒரு மாதக் கூட்டத்துக்கு அவரவருடைய முதல் புகைப்படத்தைக் கொண்டுவர வேண்டும் என்று ஏற்பாடு. மருந்துக்கடைக்காரர்தான் முதலில். அவருக்கு எதிலும் முதலில் நிற்க வேண்டும். சுவரில் அவர் எட்டு மாதக் குழந்தையாக வந்தார். உயரமான ஒரு ஸ்டூல், பின்னால் தொங்கும் கறுப்புத் துணி, துணியின் பிளவுக்குள்ளிருந்து வெளியே வந்து குழந்தையின் இடுப்பைச் சுற்றிப் பிடித்திருக்கும் ஒரு இடது கை. சுண்டுவிரல் பாதியோடு நின்றிருந்தது.

"இது எங்க பெரியத்தை கை" என்றார் பெருமையாக. "மாவு மில்லுல விரல் மாட்டிக்கிச்சு. அப்பவும் அழல. அப்படியொரு மனுஷி." படத்தின் பின்பக்கம் மையால் 'பெரியத்தை' என்று எழுதியிருந்ததையும் காட்டினார். அதை ஓர் ஆதாரமாக வைத்து அந்த அத்தைக்கு ஒரு கட்டமும் எப்போதோ வாங்கியிருந்தார்.

நர்ஸம்மா தன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தவள் எழுந்தபடி நின்றாள். நாற்பது வருடம் குழந்தைகள் வார்டில் இருந்தவள், லேசில் வாயடைத்துப் போகிறவள் இல்லை. "யோவ் மருந்துக்காரரே, உங்க பெரியத்தை எங்க வீட்டுக்கு எதுக்கு வந்தாங்க?"

அவள் படமும் சுவரில் ஏறியது. அதே ஸ்டூல். அதே துணி. அதே நாலரை விரல்.

"இது எங்க சித்தி. கதவிடுக்குல நசுங்கின விரல்" என்றாள்.

"உங்க சித்திய நீங்க பாத்திருக்கீங்களா?"

"நான் பொறந்த வருஷமே போயிட்டாங்க. நீங்க அத்தையப் பாத்தீங்களா?"

"அது... இல்ல. சொல்லிக் கேள்விதான்."

"அப்ப படத்தப் பாத்துட்டுத்தான் மில்லு கட்டுனீங்களா?"

"நீங்க மட்டும் என்னவாம், கதவு செஞ்சீங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் பைக்குள் என் படம் இருந்தது. காட்டாமல் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் அது கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தது. விவரம் தெரிந்த நாளிலிருந்து அதன் முன்னால் தனியாக நடக்கமாட்டேன். என் அம்மாவுக்குப் பத்து விரலும் முழுசாக இருந்தன. "இது யாரு கை?" என்று ஒரு முறை கேட்டேன். "படக்கடையில யாரோ" என்றாள் அம்மா. யாரோ ஒருத்தி என்னைப் பிடித்திருக்கிறாள், அவளுக்கு முகமே இல்லை. ராத்திரி புரண்டு படுத்தால் இடுப்பில் அந்தக் கை இருக்கிற மாதிரியே தோன்றும்.

எடுத்து மேசைமேல் வைத்தேன்.

மூன்று படங்களும் பக்கத்தில் பக்கத்தில் சுவரில் நின்றன. மூன்று குழந்தைகள், ஒரே கை. மூன்று அட்டையின் மூலையிலும் ஒரே ஸ்டூடியோவின் முத்திரை. பூதக்கண்ணாடி கணினியில் வெளிச்சத்தை ஏற்றி ஏற்றிப் பார்த்தார். கறுப்புத் துணி சாம்பல் நிறமானது. முகம் தெரியவில்லை. ஆனால் குழந்தையின் தலைக்கு ஒரு சாண் மேலே, துணியில் சின்னதாக ஒரு பள்ளம் இருந்தது. மூன்றிலும் இருந்தது.

"துணிக்கு அந்தப் பக்கம் மூச்சு இழுத்திருக்காங்க. மூக்குல ஒட்டியிருக்கு" என்றாள் நர்ஸம்மா, மெதுவாக.

மருந்துக்கடைக்காரர், தன் பின்னாலும் யாரோ நிற்கிற மாதிரி, நாற்காலி முதுகிலிருந்து சற்று நகர்ந்து நுனியில் உட்கார்ந்தார். அவர் மட்டுமா, எல்லோருமே அப்படித்தான் செய்தோம்.

அப்போதுதான் வாசலில் சாவிக்கொத்து விழுந்த சத்தம். சாவிக்காரம்மா எழுந்து நேராகச் சுவரிடம் போனாள். புரொஜக்டர் வெளிச்சம் அவள் முதுகில் விழுந்தது. சுவரில் தெரிந்த அந்தப் பாதி விரலைத் தன் உள்ளங்கையால் மூடினாள்.

"இதப் பிடிச்சிக்கிட்டுத்தான் நான் தூங்குவேன்" என்றாள். "என் கைக்கு அளவா இருக்கும்."

அவளே சொன்னாள். அம்மா ஒரு ஸ்டூடியோவில் படம் கழுவுகிற வேலை பார்த்தாள். இவளுக்கு நாலு வயதாக இருக்கும்போது ஒரு நாள் வேலைக்குப் போனவள் வரவில்லை. சித்திதான் வளர்த்தாள். அம்மாவின் முகம் இவளுக்கு ஞாபகமில்லை, வீட்டில் அவள் படம் ஒன்றுகூட இல்லை. விரல் மட்டும் ஞாபகம்.

"சித்தி ஒண்ணு சொல்லும். உங்கம்மா உன்ன ஒரு நாளாவது தூக்கியிருப்பாளா, அவளுக்கு நீ வேணவே வேணாம், அப்படின்னு. நான் சண்டை போடுவேன். அந்த விரல நான் பிடிச்சிருக்கேனேன்னு. நீ பிடிச்ச, அவ பிடிக்கலையேன்னு சித்தி சொல்லும்." சுவரைப் பார்த்தாள். "இங்க பாருங்க, எல்லாரையும் பிடிச்சிருக்கு."

பூதக்கண்ணாடி தொண்டையைச் செருமினார். "அம்மா, நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா ஞாபகத்த ஆதாரமா..."

"வாய மூடுங்க சார்" என்றாள் நர்ஸம்மா.

அந்த மாதம் முழுக்க நாங்கள் தெரிந்தவர் வீட்டு ஆல்பங்களை எல்லாம் புரட்டினோம். இன்னும் மூன்று குழந்தைகள் கிடைத்தார்கள். என் வீட்டு 'யாரோ'வையும் சேர்த்து, ஆறு வீட்டில் ஆறு பெயரில் அந்தக் கை வாழ்ந்துகொண்டிருந்தது. ஒரு வீட்டில் அதற்கு வருடாவருடம் மாலைகூடப் போட்டார்கள். எந்த வீட்டிலும் அவளுடைய பெயர் இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு சாவிக்காரம்மா முக்காலியில் உட்காரவில்லை. மேசைக்கு வந்தாள். பிளாஸ்டிக் உறையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தாள்.

"சித்தி செத்தப்புறம் பெட்டிக்கடியில கெடந்துச்சு. கெட்டுப்போன படம்னு அது எப்பவோ சொன்ன ஞாபகம். இத்தன நாளா உறையப் பிரிச்சுக்கூடப் பாக்கல. போன வாரம்தான் பாத்தேன்."

பூதக்கண்ணாடி அதைச் சுவரில் காட்டினார். அதே முத்திரை, அதே ஸ்டூல், அதே கறுப்புத் துணி. ஸ்டூலில் ஒரு குழந்தை. படம் எடுக்கும்போது அசைந்துவிட்டிருக்கிறது, உருவம் கலங்கித் தெரிந்தது. இரண்டு கைகளும் காற்றில் கரைந்த மாதிரி நீண்டிருந்தன.

கை இல்லை. துணிப் பிளவு மூடியிருந்தது.

"பாத்தீங்களா" என்றாள் சாவிக்காரம்மா. குரலில் அழுகை இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "ஊர்ப் பிள்ளையெல்லாம் பிடிச்ச கை. என்ன மட்டும் பிடிக்கல. சித்தி சொன்னது சரிதான்னு எழுதிக்கோங்க சார். ரெண்டு ஆதாரம் ஆச்சு."

நான் அவள் தோளைத் தொடப் போய், என் கையையே பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டேன். கண்ணுகளா, சில நேரம் கை நீட்டுவதற்கும் தைரியம் வேண்டியிருக்கிறது.

நர்ஸம்மா மட்டும் சுவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இதுல உங்களுக்கு எத்தன மாசம்?"

"பின்னால என் பேரும் தேதியும் போட்டிருக்கு. அப்ப எனக்கு ஒம்பது மாசம்."

"ஒம்பது மாசத்துல தெரியாத ஆளப் பாத்தா குழந்தை மூஞ்சியத் திருப்பிக்கும், இல்லன்னா வீல்னு கத்தும். எத்தனைக்கு ஊசி போட்டிருப்பேன், எனக்குத் தெரியாதா? இது என்ன பண்ணுது பாருங்க. சிரிக்குது. ரெண்டு கையையும் நீட்டுது. தூக்குன்னு கேக்குது." அவள் திரும்பினாள். "எதிர யாரு நிக்கிறா?"

"படம் எடுக்கிறவன்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"அவன் கேமராவுக்குப் பின்னால இருப்பான். குழந்தை கேமராவப் பாக்கல."

பூதக்கண்ணாடி எழுந்தார். நாற்பது வருடம் நிலம் அளந்தவர். பீரோவிலிருந்து நீள அளவுகோலை எடுத்தார், நூல் கேட்டார், நான் என் தையல் பையிலிருந்து கொடுத்தேன். சுவரில் குழந்தையின் முகம் திரும்பியிருந்த கோணத்துக்கு நூலைப் பிடித்து அறைக்குள் இழுத்துக்கொண்டே வந்தார். ஸ்டூலின் உயரத்தை வைத்து ஏதோ கணக்குப் போட்டார். மோவாய் எவ்வளவு நிமிர்ந்திருக்கிறது என்று பூதக்கண்ணாடியால் மூன்று முறை பார்த்தார். கடைசியில் புரொஜக்டருக்கு இடது பக்கம், இரண்டு முழம் தள்ளி, தரையில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

"இங்க" என்றார். தன் தோளுக்குச் சற்றுக் கீழே கையை வைத்துக் காட்டினார். "இந்த உயரத்துல முகம். அதிக உயரமில்லாத ஆளு. பொம்பளையாத்தான் இருக்கணும். கைய நீட்டிக்கிட்டே நின்னிருக்கணும். இல்லன்னா குழந்தை இவ்வளவு முன்னால சாயாது."

"துணிக்குப் பின்னால ஏன் நிக்கல?" சாவிக்காரம்மா கேட்டாள்.

"மத்த குழந்தைங்களப் பிடிக்கணும், அசையக்கூடாது, அது அவங்க வேல" என்றாள் நர்ஸம்மா. "உங்கள மட்டும் பாக்கணும்னு நெனச்சிருப்பாங்க. அதனாலதான் முன்னால வந்து நின்னாங்க. அதனாலதான் படம் கெட்டுப்போச்சு."

பூதக்கண்ணாடி, பதினோரு வருடத்துக்கு முன் திரும்பி வந்த அதே வரைபடத் தாளை பீரோவிலிருந்து எடுத்தார். வைத்திருந்திருக்கிறார், பாருங்கள். "அம்மா பேரு சொல்லுங்க" என்றார். அவள் குனிந்து அவர் காதருகே சொன்னாள். கட்டத்தில் எழுதினார். கீழே ஆதாரம் என்ற இடத்தில் எழுதியதை நானே படித்தேன். ஒன்று: ஆறு படங்களில் கை. இரண்டு: ஒரு படத்தில் கை இல்லாதது.

"அப்புறம் ஏன் போனாங்க?" என்றாள் அவள்.

"அதுக்கு எங்ககிட்ட காகிதம் இல்லம்மா" என்றார். இத்தனை வருடத்தில் அவர் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

மருந்துக்கடைக்காரர் தன் படத்தைத் திருப்பி, 'பெரியத்தை' என்பதை ஒரே கோடாக அடித்தார். "பாவம், அத்தைக்கு இனிமே கையே இல்ல" என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அவராலேயே சிரிக்க முடியவில்லை.

எல்லோரும் கிளம்பினோம். பாதிப் படியில் என் கண்ணாடிக்கூடு ஞாபகம் வந்து திரும்ப ஏறினேன். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே புரொஜக்டர் இன்னும் அணையவில்லை. சுவரில் அந்தக் கலங்கிய குழந்தை. சாக்பீஸ் குறியின் மேல் சாவிக்காரம்மா நின்றிருந்தாள். அந்த உயரத்துக்கு முகம் வரும்படி கொஞ்சம் முழங்காலை மடக்கி நின்றிருந்தாள். குழந்தை நேராக அவளைப் பார்த்தது. அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள். இடது கையின் சுண்டுவிரலைப் பாதியாக மடக்கி வைத்திருந்தாள். வாயில் ஏதோ சத்தம், குழந்தையைக் கூப்பிடுகிற சத்தம். யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அந்த நேரத்தில் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கண்ணாடிக்கூட்டை எடுக்காமலே இறங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து என் படத்தைப் பழைய ஆணியிலேயே மாட்டினேன். பின்பக்கத்தில், வரைபடத்தில் படித்த அந்த அம்மாவின் பெயரை எழுதினேன். கூட்டத்தில் மற்றவர்கள் இப்போதும் நாற்காலி நுனியில்தான் உட்காருகிறார்கள், பழக்கம் போகவில்லை. நான் சாய்ந்து உட்காருகிறேன். இடுப்புப் பக்கம் லேசாக அழுத்தும். எண்ணிப் பார்ப்பேன். நாலரைதான்.

விழாமல் பிடித்திருக்கிறாள்.