சுவருக்கு அந்தப் பக்கத்துப் பிரிண்டர்

வீடு கட்டுகிறவர்களுக்குப் படம் வரைந்து கொடுப்பது அவர் தொழில். மாடி அறைக் கணினியில் யாருடைய சமையலறைக்கோ கதவு வைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த பிரிண்டர் தானாக உறுமத் தொடங்கியது. அவர் எதையும் அழுத்தவில்லை. அது பாட்டுக்குத் தாள் மேல் தாளாகத் தள்ளியது.

எடுத்துப் பார்த்தார். பெரிய வளைகோடுகள், ஓரமெல்லாம் அம்புக்குறிகள். ஒரு தாளில் ‘முன்பக்கம்’, இன்னொன்றில் ‘பின்பக்கம்’, வேறொன்றில் புள்ளிக்கோட்டை ஒட்டி ‘இங்கே வெட்டவும்’.

அவரும் தம்பியும் அந்த வீட்டை நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டவர்கள். பிரிக்கும் படத்தை வரைந்ததும் அவர்தான். நல்ல சன்னலை எல்லாம் அண்ணன் தன் பக்கமே வைத்துக்கொண்டான் என்று தம்பி சொன்னதிலிருந்து பேச்சு நின்றுபோயிருந்தது. இப்போது வேறு ஆளை வைத்துப் புதுப்படம் போட்டு, அதை எப்படியோ இங்கேயே அனுப்பிக் காட்டுகிறான் என்று நினைத்தார்.

தாள்களைத் தரையில் பரப்பி டேப்பால் ஒட்டினார். எப்படித் திருப்பிப் போட்டாலும் ஒரு அறைகூடத் தேறவில்லை. சுவர் நேராகப் போய்த் திடீரென்று குடம்போல வளைந்தது. இதை எந்தக் கொத்தனார் கட்டுவான் என்று புரியாமல் மனைவியைக் கூப்பிட்டார்.

“பாரு, வீட்ட மறுபடியும் வெட்டப் போறான். முன்பக்கம் அவனுக்காம், பின்பக்கம் நமக்காம்.”

அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டு, ஒட்டிய தாளைத் தூக்கி அவர் தோளில் வைத்துப் பார்த்தாள்.

“இது சட்டைக் கைங்க. பொம்பளைங்க சட்டை.”

“சட்டைக் கை என் பிரிண்டர்ல எதுக்கு வரணும்?”

பிரிண்டர் மறுபடி உறுமி அதே கையை இன்னொரு தடவை தள்ளியது.

தம்பி மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். அவளாகத்தான் இருக்கும் என்று மனைவி தாள்களைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினாள். நான் வரமாட்டேன் என்று சொன்னவர், வாசல்வரை என்று நடந்து, கடைசியில் உள்ளேயே போய்விட்டார்.

அங்கே தையல்காரி தன் பிரிண்டரின் வயர்களை எல்லாம் பிடுங்கி மாட்டி, அழாத குறையாக உட்கார்ந்திருந்தாள். மறுநாள் கொடுக்க வேண்டிய உடுப்பு, புது லேப்டாப், எத்தனை தடவை அழுத்தினாலும் ஒரு தாளும் வரவில்லை. தன் தாள்களை இவர்கள் கையில் பார்த்ததும் முகம் மாறியது.

“அக்கா, என் கம்ப்யூட்டர நீங்க அங்கேருந்து பாக்குறீங்களா?”

அவள் கேட்டதை வைத்து ஆளுக்கு ஒரு விதமாகக் குழம்பினார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து திரையருகே குனிந்தார். ஒரே பெயரில் இரண்டு பிரிண்டர்கள் இருந்தன. ஒன்றாக இருந்த காலத்தில் ஜோடியாக வாங்கியவை. மாடிப்படிக்குக் கீழே இருக்கும் வைஃபை பெட்டியும் இன்னும் இரண்டு வீட்டுக்கும் பொதுதான். அதைப் பிரிக்க வேண்டுமென்றால் யாராவது முதலில் பேச வேண்டுமே! புது லேப்டாப் இரண்டையும் கண்டுபிடித்து வைத்திருந்தது. இவள் முதலில் தெரிந்ததை அழுத்தியிருக்கிறாள். தான் வீட்டுப் படம் என்று நினைத்ததை அவர் சொல்லவில்லை. மனைவி சொல்லிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து வேலை முடிந்து வந்த தம்பி, தன் நாற்காலியில் அண்ணன் இருப்பதைக் கண்டு, வேறு வீட்டுக்குள் வந்துவிட்டவன்போல வாசலிலேயே நின்றான். விஷயம் புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. எது எந்தப் பிரிண்டர் என்று பார்க்க, அண்ணன் வீட்டு மாடிக்குப் போனான். லேப்டாப்பில் ஒவ்வொன்றாக அழுத்தி, சுவருக்கு இந்தப் பக்கமிருந்து அவர் சத்தம் போட்டுக் கேட்டார்.

“வந்துச்சாடா?”

மாடியிலிருந்து பதில் வந்தது. “வரலண்ணே.”

“இப்ப?”

“பாதி வந்து நிக்குது. தாள் தீந்துபோச்சு.”

இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்துவிடலாம் என்று முடிவானது. இடது, வலது என்று அவர் சொன்னார். தெருவிலிருந்து பார்த்தாலா, கொல்லையிலிருந்து பார்த்தாலா என்று தம்பி இறங்கி வந்து கேட்டான். அவர் விரலை நீட்டிக் காட்டினார்; அவன் எதிர்ப்பக்கம் காட்டினான். தையல்காரி அதற்குள் கையை வெட்டி முடித்து, மிஷினில் நூலைக் கோத்துவிட்டாள்.