காந்தம் தின்ற ரெண்டு ரக்அத்

ஷமீம் பானுவுக்கு அந்த மிஷினைக் கண்ட முதல் நாளே சந்தேகம் விழுந்துவிட்டது. விழாதா பின்னே? கணவர் பரீது சவூதியிலிருந்து பேசி அனுப்பிய கேசட்டுகளை ஒரு காலத்தில் ஸ்பீக்கர் பெட்டி மேல் அடுக்கிவைத்து, உள்ளே இருந்த காந்தம் அவர் குரலைத் துடைத்துவிட, சோறு இறங்காமல் கிடந்தவள் அவள். இப்போது காந்தத்தை மனிதரின் தலையிலேயே வைக்கிறார்கள்!

பைபாஸ் ஆபரேஷனுக்குப் பிறகுதான் பரீதுக்குப் புத்தி குழம்பியது. டீயைக் குடித்துவிட்டு டீ கேட்பார். தொழுகைக்கு நின்றால், குனிந்து பணிந்து எழும் சுற்றுகளில் இது எத்தனையாவது ரக்அத் என்று தெரியாமல் பாதியில் விழிப்பார். தென்காசியில் ஒரு டாக்டர் காந்த வைத்தியம் செய்கிறார் என்று கேள்விப்பட்ட மகள் ஹுஸ்னா, தூத்துக்குடியில் இருந்த இருவரையும் குத்துக்கல்வலசையில் தன் வீட்டுக்கு வரவழைத்தாள். இரண்டு வாரத்துக்குள் முடிகிற வைத்தியம். "சிலருக்குக் கேக்கும், சிலருக்குக் கேக்காது" என்று டாக்டர் சொன்னது ஷமீம் பானுவின் சந்தேகத்துக்கு எண்ணெய் வார்த்தது.

மிஷினை இயக்கும் ஜெயபிரியாவிடம் தினமும் விசாரணைதான்.

"ஏம்மா, உள்ள இருக்கது அழிஞ்சிராதுல்லா?"

"அழியாதும்மா. தூங்குத மூளையத் தட்டி எழுப்புத மாதிரி."

"தட்டுததுல ஏதாச்சும் கீழ விழுந்துட்டுன்னா?"

ஜெயபிரியா சிரித்தாள். அவள் சிரித்ததில் இன்னும் கொஞ்சம் சந்தேகம் வந்தது.

வீட்டில் மருமகன் நாசர் முன்னால் நின்று தொழவைப்பார். பின்னால் நிற்கும் பரீதுக்கு எண்ணுகிற வேலை இல்லை. அந்தச் சனிக்கிழமை ஐந்தருவியில் தண்ணீர் கொட்டியது. கூட்டம் நெருக்கியதில், அங்கே சிப்ஸ் கடை வைத்திருக்கும் நாசரால் மதியம் வீட்டுக்கு வர முடியவில்லை. பரீது தனியாக மதியத் தொழுகையான லுஹருக்கு நின்றார். ஷமீம் பானு கதவிடுக்கில் நின்று எண்ணினாள். ஒன்று. இரண்டு. அவ்வளவுதான், சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துப் பாயைச் சுருட்டிவிட்டார். நாலு தொழ வேண்டிய இடத்தில் ரெண்டு!

"ஏட்டி ஹுஸ்னா, ஓடியா! உங்க வாப்பாக்கு ரெண்டு ரக்அத்த அந்தக் காந்தம் தின்னுட்டு! இனி வரலைன்னு ஆஸ்பத்திரிக்குப் போனப் போட்டுச் சொல்லு."

"உம்மா, சத்தம் போடாதீய. இன்னும் பாதிதான முடிஞ்சிருக்கு."

"மிச்சம் இருக்கதாவது இருக்கட்டும்ட்டி. நாளைக்கு என்னைய யாருன்னு கேப்பாரு."

பரீது நிதானமாகத் தொப்பியைக் கழற்றினார்.

"எனக்கு ஒண்ணும் போகலட்டி. நாம ஊரு விட்டு ஊரு வந்திருக்கோம், பதினஞ்சு நாளைக்குள்ள திரும்பிருவோம். பயணத்துல இருக்கவனுக்கு நாலு ரெண்டாச்சுல்லா? நாசர் உள்ளூர்க்காரன், அவன் பின்னால நின்னா நாலு. தனியா நின்னா ரெண்டு."

ஷமீம் பானு நம்பவில்லை. மறந்ததை மறைக்க மனிதர் சமாளிக்கிறாரோ? நாசருக்கே போன் போடவைத்தாள்.

"மாமா சொல்லுதது சரிதான் மாமி," என்றார் நாசர், கடைச் சத்தத்துக்கு மேலே கத்தி.

"அது கிடக்கட்டும். நீ இங்கன வந்து தனியா நிக்கையில எத்தனை தொழுத?" என்று மனைவி பக்கம் திரும்பினார் பரீது.

அவள் விரல் மடக்கி எண்ணிப் பார்த்தாள்.

"நாலா? டாக்டர்ட்ட சொல்லி உனக்கும் ஒரு சீட்டு போடுவமா?"

ஹுஸ்னா விழுந்து விழுந்து சிரித்தாள். காந்தம் செய்ததோ, தானாகத் தேறியதோ, அதை யார் கண்டது? ஷமீம் பானு புர்காவை எடுத்து மாட்டினாள்.

"கெளம்புங்க, நேரமாச்சு. ஆனா இன்னைக்கு நான் மிஷினு பக்கத்துலதான் நிப்பேன். அந்தப் பிள்ள காந்தத்தக் கொஞ்சம் கூடுதலா வச்சாலும் பிளக்கப் பிடுங்கிருவேன்."