கோர்கோர் தெருவின் தண்ணீர்

தெஷி ஊரில் கோர்கோர் குடியிருந்த தெருவில், அவளுக்குக் கோபம் வந்தால்தான் குழாயில் தண்ணீர் வரும். நகரத்துத் தண்ணீர் அந்தத் தெருப்பக்கம் எட்டிப்பார்த்து இருபது வருஷம் ஆகிவிட்டது. முன்பு அவளுடைய அப்பாவின் கோபத்தில் தண்ணீர் வந்தது. துறைமுகத்தில் மேலதிகாரியோடு சண்டை போட்டுவிட்டு அவர் வீடு திரும்பினால் தெருவே துணி துவைத்து முடித்துவிடும். நாற்பத்தொன்பது வயதில் மூளையில் இரத்தக்குழாய் வெடித்து அவர் விழுந்தபோது மூன்று நாள் தண்ணீர் நிற்கவில்லை. அத்தையும் அப்படித்தான் போனாள். அடக்கத்துக்கு வந்தவர்கள் கையோடு வாளியும் கொண்டுவந்தார்கள். அதில் தப்பு இருப்பதாக ஒருவருக்கும் தோன்றவில்லை.

கோர்கோருக்கு இப்போது நாற்பத்தொரு வயது. தையல்காரி, சுபாவத்தில் சாது. அதனால் தெருவுக்கு வேலை கூடியது. அவளைச் சீண்ட முறை வைத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை, வேன் ஓட்டும் அஷிட்டேயின் முறை.

"என்னக்கா, நீ தச்ச சட்டையில என் பொண்டாட்டிக்கு மூணு கையாமே? ஒண்ணு இனாமா?" என்பான். குழாய் இரண்டு முறை இருமும். செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டு நா ஓயோ வந்து, கோர்கோர் செய்த கெங்கே என்னும் சோளமாவு உருண்டை சரியாகப் புளிக்கவில்லை என்பாள். அதற்கு இரண்டு வாளி நிறையும். தண்ணீர் ஊருக்கு, எரிச்சல் அவளுக்கு.

தலைவலி தாங்காமல் ஒருநாள் மருத்துவமனைக்குப் போனாள். செவிலி ஆஜெலே அவள் கையை ஐஸ் தண்ணீரில் ஒரு நிமிடம் வைக்கச் சொல்லி இரத்த அழுத்தம் பார்த்தாள். மற்றவர்களுக்குப் பத்து, பதினைந்து ஏறும் இடத்தில் இவளுக்கு நாற்பது ஏறியது. மூலையில் இருந்த குழாய் தானாகத் திறந்து சுவரை நனைத்தது. ஆஜெலே தரையைத் துடைத்தபடியே பேசினாள்.

"உங்கப்பா வழியில வர்றதும்மா இது. சின்ன விஷயத்துக்கே உடம்பு பெரிய சண்டைக்குக் கெளம்புது. மாத்திரைய விடாதீங்க. கோபமும் வேணாம்."

"அத எங்க தெருவுல வந்து சொல்லுங்க," என்றாள் கோர்கோர்.

மாத்திரை வேலை செய்தது. இரண்டு மாதம் தெரு காய்ந்து கிடந்தது. அஷிட்டே திட்டிப் பார்த்தான், காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் பார்த்தான். கோர்கோர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சிரித்தாள். அவ்வளவு நிம்மதியாக அவள் ஒருநாளும் இருந்ததில்லை.

பிறகு ஒரு காலையில் தண்ணீர் வந்தது. கோர்கோர் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். அது அமைதியாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தால், வாசலில் அவளுடைய பன்னிரண்டு வயது மகள் டெடே பள்ளிச் சீருடையில் கண் சிவந்து நின்றிருந்தாள். எதிரே நா ஓயோ.

"கணக்குல பூஜ்யமாமே கண்ணு? நீயும் அம்மா மாதிரி கிழிஞ்சது தைக்கத்தானா?"

என் பிள்ளையையுமா! அந்தக் கோபம் மாத்திரைக்கு அடங்குகிற கோபமில்லை. கத்திரிக்கோலை எறிந்துவிட்டு வெளியே பாய்ந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அஷிட்டே கத்தினான்:

"பெரிய டிரம்மைக் கொண்டாங்கடா, அம்மாக்காரியும் வந்துட்டா!"

தெருக்கோடி வரைக்கும் வாளி வைக்கும் சத்தம் கேட்டது. திட்டினாலும் அவர்களுக்குத்தான் லாபம், திட்டாவிட்டாலும் அவர்களுக்குத்தான். கோர்கோர் மகளை உள்ளே இழுத்துக் கதவை அறைந்து சாத்தினாள். அன்று முப்பத்தாறு வாளிகளும் நான்கு டிரம்களும் நிறைந்தன. சமையலறைக் குழாயும் பீறிட்டு ஓடியது. டெடே கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாளியை இழுத்துவந்து அதன் அடியில் வைத்தாள்.

"வீணாப் போகுதும்மா," என்றாள்.